கவுண்டி ஃபேரில் ஒரு வாரம்: பதிவுப் படிவம் முதல் கேம்பரைக் கிளப்பும் நாள் வரை

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் ஜூலை வந்தால் கவுண்டி ஃபேர் என்ற மாவட்டக் கண்காட்சி வந்துவிடும். நம் ஊர்க் கால்நடைச் சந்தையையும் பொருட்காட்சியையும் பள்ளி ஆண்டு விழாவையும் ஒரே மைதானத்தில் ஒரு வாரம் நடத்தினால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி. 1807இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் எல்கானா வாட்சன் இரண்டு மெரினோ செம்மறிகளை ஊர் நடுவே கட்டிக் காட்டினார். 1810இல் அங்கேயே கால்நடைக் கண்காட்சி நடந்தது. அந்த மரபுதான் இன்றுவரை தொடர்கிறது. ராட்டினமும் வறுத்த தின்பண்டமும் பின்னால் வந்து சேர்ந்தவை. வளர்த்ததையும் செய்ததையும் கொண்டுவந்து நடுவர் முன் வைப்பதே ஃபேரின் உயிர்.

இந்த வழிகாட்டி அயோவாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்ற மாநிலங்களில் தேதியும் வகுப்பு எண்ணும் மாறும். வேலையின் அமைப்பு பெரிதாக மாறாது. பண்ணை இல்லாத நகரக் குடும்பமும் தாராளமாகப் பங்கேற்கலாம். டெ மாய்ன், ஏம்ஸ் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஃபேருக்கு வேடிக்கை பார்க்க மட்டும் போய்த் திரும்புவது வழக்கம். பிள்ளைகள் பெயரில் ஒரு தக்காளித் தட்டாவது அங்கே இருந்தால் அந்த மைதானம் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் புத்தகம், பிறகு ஆசை

பதிவுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று 4-எச் என்ற இளையோர் அமைப்பின் பிரிவு. அயோவாவில் நான்காம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதற்கும் சின்னவர்களுக்குக் க்ளோவர் கிட்ஸ் உண்டு, அதில் போட்டி கிடையாது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் கவுண்டி எக்ஸ்டென்ஷன் (விரிவாக்கப் பணி) அலுவலகம் இதை நடத்துகிறது. மற்றொன்று ஓப்பன் கிளாஸ். அதில் பெரியவர்களும் சேரலாம், பாட்டி பின்னிய போர்வையையும் வைக்கலாம்.

இரண்டுக்கும் தனித்தனி ஃபேர் புத்தகம் உண்டு. அதை அச்செடுத்து, பென்சிலுடன் உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் துறை, பிரிவு, வகுப்பு எண், எத்தனை எண்ணிக்கை, எதில் வைக்க வேண்டும், எந்த நாள் எந்த மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். முதல் ஆண்டுக் குடும்பங்கள் பரிசு ரிப்பனை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். பொருள் அருமையாக இருக்கும். ஐந்து கேட்ட இடத்தில் ஆறு வைத்திருப்பார்கள்.

தேதிகளைப் பின்னிருந்து எண்ணுங்கள். 4-எச் உறுப்பினர் பதிவும் கால்நடை அடையாளப் பதிவும் ஃபேருக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். மாட்டுக்குக் குளிர்காலத்திலேயே கெடு வந்துவிடும். ஆடு, பன்றிக்கு மே மாதம். ஜூனில் ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கிவந்து ஜூலையில் காட்ட முடியாது. விலங்கு வளர்க்கும் பிள்ளை ஒய்.க்யூ.சி.ஏ. என்ற பராமரிப்புப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும்.

எத்தனை பதிவு செய்வது? முதல் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு விலங்கு அல்லது மூன்று பொருள். இரண்டும் வேண்டுமென்றால் ஒரு விலங்கும் ஒரு பொருளும். பத்துப் பொருள் பதிவு செய்த வீட்டில் ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு யாரும் தூங்குவதில்லை. அந்தக் களைப்பு வாரம் முழுக்கக் கூடவே வரும்.

ஜாடிகள்: 1,000 அடி என்ற கோடு

ஜாம், ஊறுகாய், பீன்ஸ் ஆகியவற்றைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துப் பதப்படுத்துவது ஃபேரின் பழைய பிரிவுகளில் ஒன்று. நடுவர் முதலில் ருசி பார்ப்பதில்லை. பல ஃபேர்களில் ஜாடியைத் திறப்பதே இல்லை. அவர் பார்ப்பது சீட்டு, மூடி, நிரப்பிய அளவு, திரவத்தின் தெளிவு, துண்டுகளின் ஒரே அளவு.

சீட்டில் பொருளின் பெயர், செய்த தேதி, முறை, எத்தனை நிமிடம், பிரஷர் கேனர் (ஜாடிகளை அழுத்தத்தில் வேகவைக்கும் பெரிய குக்கர்) என்றால் எத்தனை பவுண்டு அழுத்தம் என்பதெல்லாம் வேண்டும். கூடவே செய்முறை எங்கிருந்து எடுத்தது என்றும் எழுத வேண்டும். அமெரிக்க விவசாயத் துறையோ எக்ஸ்டென்ஷனோ சோதித்த செய்முறைதான் செல்லும்.

அயோவாவில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மாநிலம் தட்டையாகத் தெரிந்தாலும் கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 480 அடியில் தொடங்கி வடமேற்கில் ஹாக்ஐ பாயின்ட்டில் 1,670 அடி வரை போகிறது. 1,000 அடிக்கு மேல் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் நேரமோ அழுத்தமோ கூட வேண்டும். ஸ்ட்ராபெர்ரி ஜாமை, அதை இறுகவைக்கும் பொடிப் பெக்டின் போட்டுச் செய்தால், கிருமி நீக்கிய ஜாடியில் 1,000 அடி வரை 5 நிமிடம், அதற்கு மேல் 6,000 அடி வரை 10 நிமிடம். பச்சை பீன்ஸ் பைன்ட் (ஏறக்குறைய அரை லிட்டர்) ஜாடிக்குப் பிரஷர் கேனரில் 20 நிமிடம். எடை வைக்கும் வகையில் 1,000 அடி வரை 10 பவுண்டு, அதைத் தாண்டினால் 15 பவுண்டு. ஊரின் உயரத்தைப் பார்க்காமல் 10 பவுண்டு என்று எழுதினால் நடுவர் அதைப் பாதுகாப்பற்ற பொருளாக ஒதுக்கலாம். ஒதுக்குவதுதான் சரியும்கூட, பீன்ஸில் போட்டுலிஸம் நஞ்சு உருவாகும் ஆபத்து நிஜமானது.

மேலே விடும் வெற்றிடம் ஜாமுக்குக் கால் அங்குலம், வெள்ளரி ஊறுகாய்க்கும் தக்காளிக்கும் அரை அங்குலம், பீன்ஸுக்கு ஒரு அங்குலம். தக்காளிக்குப் பைன்ட் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு கட்டாயம். புதிதாகப் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், அதனால்தான் பாட்டில் சாறு. ஜாடி ஆறியதும் வளையத்தைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, புத்தகம் கேட்டால் மட்டும் திரும்பப் போடுங்கள். துரு ஏறிய வளையம் ஒரு படி இறக்கிவிடும்.

நம் எண்ணெய் மாங்காய் ஊறுகாயை இந்தப் பிரிவில் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். வீட்டில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கலாம். ஆனால் எண்ணெயில் பூண்டு ஊறும் எதையும் இங்கே ஏற்பதில்லை. முறுக்கு, அதிரசம் போன்றவற்றுக்கு ஓப்பன் கிளாஸ் புத்தகத்தில் பிற நாட்டு உணவு வகுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். குளிர்பெட்டி தேவைப்படும் எதுவும், க்ரீம் சீஸ் பூச்சு உட்பட, எந்த வகுப்பிலும் செல்லாது.

காய்கறியும் பூவும்

பெரிய காய்க்குப் பரிசு என்பது பூசணி போன்ற சிலவற்றுக்கு மட்டும். மற்ற எல்லாவற்றிலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முதிர்ச்சிதான் வெல்லும். ஒரு தட்டில் ஐந்து வெள்ளரி என்றால் ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும். மிகப் பெரியதும் மிக அழகானதும் அந்த வரிசையைக் கெடுத்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஐந்து கிடைக்கப் பதினைந்து பறிக்க வேண்டும்.

ஜூலை நடுவில் ஃபேர் என்றால் அயோவாவில் சிவந்த தக்காளி அபூர்வம். பச்சைத் தக்காளி வகுப்பு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளரி விதைத்து 55 நாளில் காய்க்கும், ஆகவே மே நடுவுக்குள் மண்ணில் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கில் முந்தி விளையும் சிவப்புத் தோல் வகையை ஏப்ரலில் நடவேண்டும்.

உருளையைக் கழுவாதீர்கள், மண் காய்ந்ததும் மென்மையான துணியால் துடைத்தால் போதும். தேய்த்துக் கழுவினால் தோல் கிழிந்து இரண்டு நாளில் கறுக்கும். குடைமிளகாய், பீன்ஸ் காம்போடு இருக்கட்டும். கேரட் தழையைச் சுமார் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெங்காயத்தைத் தோல்தோலாக உரித்துப் பளபளப்பாக்குவது பெரிய குற்றம். மேல் காய்ந்த தோல் ஒன்றிரண்டு உதிர்ந்தால் சரி. தக்காளிக் காம்பு அடுத்த பழத்தைக் குத்தும் என்பதால் நீக்குவது வழக்கம். ஆனாலும் புத்தகம் சொல்வதே முடிவு.

பூக்களை முந்தைய நாள் மாலையோ விடியற்காலையிலோ வெட்டி, உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, இருட்டான குளிர்ந்த அறையில் சில மணி நேரம் விடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாற்றமெடுக்கும். ஜினியா முழுதாக மலர்ந்திருக்க வேண்டும். க்ளாடியோலஸ் தண்டில் மூன்றில் ஒரு பங்கு பூ விரிந்திருந்தால் போதும்.

நடுவரோடு பேசும் நாள்

அயோவா 4-எச்சில் பொருளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட முடியாது. பிள்ளை நடுவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். கூடவே ஒரு குறிக்கோள் அட்டை: என்ன குறிக்கோள், அதற்கு என்ன செய்தாய், என்ன கற்றாய். “நல்ல கேக் செய்வது” என்று எழுதினால் பேச ஒன்றுமில்லை. “முட்டையை அடிக்கும் நேரம் மாறினால் கேக் எவ்வளவு உப்புகிறது என்று பார்ப்பது” என்றால் பத்து நிமிடம் பேசலாம். அட்டையைப் பிள்ளையே எழுதட்டும். பெற்றோர் எழுதியதை நடுவர் இரண்டாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஒவ்வொரு பொருளும் அதன் தரத்துக்கேற்ப நீலம், சிவப்பு, வெள்ளை ரிப்பன் பெறும். ஒரே வகுப்பில் எட்டு நீலமும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். மிகச் சிறந்தவற்றுக்கு ஊதா. அவற்றிலிருந்து ஆகஸ்டில் டெ மாய்னில் நடக்கும் மாநில ஃபேருக்குத் தேர்வு நடக்கும். வெள்ளை வாங்கிய பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, நடுவர் எழுதிய குறிப்பில் என்ன இருக்கிறது என்பதே.

விலங்குகள்: நடை, தண்ணீர், வெப்பம்

முதல் முறைக்கு வெள்ளாடு நல்லது. பிள்ளையால் பிடித்து நிறுத்த முடியும். குளம்பை ஃபேருக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். கடைசி நாளில் வெட்டி ரத்தம் வந்தால் ஆடு நொண்டும். ஸ்க்ரேப்பி என்ற ஆட்டு நோயைக் கண்காணிக்கப் போடும் அடையாளக் காதுப்பட்டை இல்லாத ஆடு வாசலிலேயே திரும்பும். கோழிக்குப் புல்லோரம்–டைஃபாய்டு என்ற கோழி நோய்க்கான பரிசோதனைச் சான்று கேட்பார்கள். முயலுக்கு இடது காதில் பச்சை குத்திய எண் வேண்டும்.

தீவனத்தையும் வைக்கோலையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். திடீரென்று புது வைக்கோல் தின்ற ஆட்டுக்கு வயிறு உப்பும். தண்ணீர் இன்னும் பெரிய சிக்கல். மைதானத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் பல விலங்குகள் குடிக்கவே மறுக்கும். இரண்டு வாரம் முன்பே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வாசனைப் பானப்பொடி கலந்து பழக்கி, ஃபேரிலும் அதையே கலந்தால் வேறுபாடு தெரியாது. பன்றியை முனையை அழுத்திக் குடிக்கும் குழாய்க்கு வீட்டிலேயே பழக்கியிருக்க வேண்டும்.

பன்றிக்கு வியர்க்காது. அயோவாவின் ஜூலையில் சோளக்காட்டு ஈரப்பதத்தோடு 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மதியங்கள் சாதாரணம். வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கும் பன்றியின் முதுகில் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டக் கூடாது, அதிர்ச்சியில் விழுந்துவிடும். கால்களையும் வயிற்றையும் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து, காற்றடிக்க விட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள். மின்விசிறி மோட்டார் மூடியதாக, தொழுவத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். வீட்டுப் பெட்டி விசிறியின் மோட்டாருக்குள் தூசு புகுந்து தீப்பிடிக்கும். பல ஃபேர்கள் அதைத் தடை செய்துள்ளன. 5 அடிக்கு 5 அடி அடைப்புக்கு முதல் நாள் இரண்டு மூட்டை மரச்சீவல், பிறகு ஈரமானதை அள்ளி அள்ளிச் சேர்ப்பது.

நோய் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். 2012இல் ஃபேர்களில் பன்றியிடமிருந்து மனிதருக்கு எச்3என்2 வகைக் காய்ச்சல் 300க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. அதன் பின் வந்த பரிந்துரைகளில் ஒன்று, பன்றிகளை மைதானத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது. பன்றித் தொழுவத்துக்குள் உணவு, பானம், குழந்தை வண்டி, சூப்பான் எதுவும் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் உள்ளே போகாமல் இருப்பது நல்லது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் அதற்கு ஈடாகாது.

நடுவர் நிற்கும் காட்சி வளையத்துக்குள் பன்றியை நடத்தும்போது அது எப்போதும் நடுவருக்கும் பிள்ளைக்கும் நடுவே இருக்க வேண்டும். வேகம் நிதானமாக, பிள்ளையின் பார்வை நடுவர் மேல். இதற்கு ஜூன் முழுவதும் மாலையில் அரை மணி நேர நடைதான் பயிற்சி.

இறைச்சிக்கு வளர்க்கும் விலங்கு விற்பனைக்குப் பின் பல ஃபேர்களில் நேரே லாரி ஏறும். வீடு திரும்பாது. இதை விலங்கு வாங்கும் முன்பே, வசந்த காலத்திலேயே பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் பால் ஆடு, முயல், கோழி என்று வேறு வழி இருக்கிறது. ஏலத்தில் வாங்கியவருக்கு நன்றிக் கடிதம் கொடுத்த பிறகே பல கவுண்டிகளில் காசோலை கைக்கு வரும்; தபால்தலையும் உறையும் நீங்கள் தங்கும் வண்டியான கேம்பரிலேயே இருக்கட்டும்.

தங்குமிடம்

விலங்குக்கு விடியல் ஐந்து மணிக்குத் தீவனம், இரவு பத்து மணிக்குத் தண்ணீர். இதற்காகத்தான் குடும்பங்கள் மைதானத்திலேயே தங்குகின்றன. ஆகவே தொழுவத்துக்கு நடந்து போகும் தூரமே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல். நிழல் இரண்டாவது. பல இடங்களில் போன ஆண்டு தங்கியவர்களுக்கே முன்னுரிமை. ஜனவரியிலேயே ஃபேர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

மின்சாரக் கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். கூரை ஏசி 13 ஆம்ப் வரை இழுக்கும், மின்கெட்டில் 12, மைக்ரோவேவ் இன்னொரு 12. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஏசி ஓடும்போது ஒரே ஒரு சூடாக்கும் கருவி என்று குடும்பத்துக்கே சட்டம் போடுங்கள். சோறு, சாம்பார் என்றால் வெளியே எரிவாயு அடுப்பு. மதியம் எல்லாக் கேம்பரிலும் ஏசி ஓடும்போது மின்னழுத்தமே குறையும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரெஸர் கெடும். குறை அழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அந்த ஒரு வாரத்திலேயே விலைக்கு ஈடுகொடுத்துவிடும். டென்ட்டுக்கு இழுக்கும் ஐம்பது அடிக் கம்பி 12 கேஜ் தடிமனாக, வெளிப்பயன்பாட்டுக்கானதாக இருக்கட்டும்.

குடிநீருக்கு வெள்ளைக் குழாய் தனி, விலங்கு கழுவும் குழாய் தனி. குழாய் முனையில் அழுத்தக் குறைப்பான் மாட்டாமல் விட்டால் கேம்பரின் உள்குழாய் வெடிக்கலாம். கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள்; நீர் வடிந்து திடக்கழிவு தங்கி இறுகிவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தரையில் விடக்கூடாது. பூட்ஸைக் கேம்பருக்கு வெளியே கழற்றுங்கள். தொழுவத்து உடைக்கு மூடியுள்ள தனி வாளி ஒன்று.

புயலுக்குத் திட்டம் முதல் நாளே வேண்டும். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவைக் குறுக்கே கடந்த டெரேச்சோ என்ற நேர்க்காற்றுப் பெரும்புயல் பட்டப்பகலில் வந்தது. டென்ட்டும் கேம்பரும் சூறாவளிக்குத் தங்குமிடமாகாது. செங்கல் கழிப்பறைக் கட்டடம் எங்கே என்று பிள்ளைகளை நடத்திக் காட்டுங்கள். வானிலை ரேடியோ தலைமாட்டில் இருக்கட்டும். ‘வாட்ச்’ என்றால் பொருட்களைக் கட்டி வை, ‘வார்னிங்’ என்றால் உடனே ஓடு. நிழல் பந்தலின் ஒவ்வொரு காலுக்கும் 40 பவுண்டு எடை கட்டுங்கள். கேம்பரை விட்டுப் போகும்போதெல்லாம் அதன் பக்கத்தில் விரித்த நிழல்திரையைச் சுருட்டிவிடுங்கள், வானம் தெளிவாக இருந்தாலும்.

வாரத்தின் ஓட்டம்

கால அட்டவணை ஃபேருக்கு ஃபேர் மாறும். வழக்கமான ஒன்று: திங்கள் கேம்பர் நிறுத்தி, பொருட்களை ஒப்படைத்து, நடுவரோடு பேச்சு. செவ்வாய் விலங்குகள் வருகை, மருத்துவர் பார்வை, எடை. புதன் முதல் வெள்ளி வரை இனவாரியாகக் காட்சி. சனி ஏலம். ஞாயிறு விடுவிப்பு. காட்சி உள்ள நாளில் ஒரு பெரியவர் தொழுவத்திலும் ஒருவர் கேம்பரிலும் இருக்கும்படி முறை பிரித்துக்கொள்ளுங்கள். அயோவா 4-எச் உடை நீல ஜீன்ஸும் க்ளோவர் சின்னமுள்ள வெள்ளை டி-ஷர்ட்டும். வெள்ளை என்பதால் குறைந்தது மூன்று வேண்டும். முதல் சட்டை ஆட்டிடம் போகும், இரண்டாவது எலுமிச்சைப் பானத்திடம்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பிள்ளைகளைப் படுக்க வையுங்கள். தூக்கமில்லாத பிள்ளை வெள்ளிக்கிழமை வளையத்தில் அழும். அதை விலங்கின் குறை என்று நினைத்துவிடுவார்கள்.

விடுவிப்பு நேரத்துக்கு முன் எதையும் எடுக்காதீர்கள், பரிசுத் தொகை பறிபோகும். பொருள் வாங்கும்போது பதிவுச் சீட்டின் கிழித்த பாதியைக் கேட்பார்கள். அடைப்பை மரச்சீவல் ஒன்றுகூட இல்லாமல் சுரண்டி ஒப்படைக்க வேண்டும். வீடு திரும்பும் விலங்கை மற்றவற்றோடு உடனே சேர்க்காமல் இரண்டு வாரமாவது தனிக் கொட்டிலில் வையுங்கள். இருமல், வயிற்றுப்போக்கு வந்தால் அங்கேயே நிற்கும். வாளி, கயிறு, பூட்ஸ், வண்டித் தளம் எல்லாவற்றையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு கிருமிநாசினி தெளித்து, வெயிலில் காயவிடுங்கள்.